புதுப்பிப்பு: உடைந்த போன் டிஸ்ப்ளேயை வீட்டிலேயே மாற்றியாச்சு

விரிசல் விட்ட டிஸ்ப்ளேயை நாமே மாற்றலாமா என்று கேட்டிருந்தேன். மாற்றியாச்சு, எல்லோருக்கும் நன்றி.

ஃப்ரேமோடு (போனின் உள்பாகங்களைத் தாங்கும் சட்டம்) சேர்ந்த டிஸ்ப்ளே வாங்கச் சொன்ன யோசனைதான் கைகொடுத்தது. புதுச்சேரி நேரு வீதிப் பக்கம் கிடைத்தது. விலை கொஞ்சம் கூட, ஆனால் பழைய ஃப்ரேமில் ஒட்டியிருக்கும் கண்ணாடித் தூளைச் சுரண்டும் வேலை இல்லை. பின்மூடியை ஹேர் டிரையர் சூட்டில் இளக்கி நெம்பி, முதல் வேலையாக பேட்டரி கனெக்டரைக் கழற்றினேன். புது ஃப்ரேமுக்கு மாற்ற, ஒட்டியிருந்த பேட்டரியைப் பெயர்ப்பதுதான் பெரும்பாடு. அங்கே ஸ்க்ரூடிரைவரைக் கொண்டுபோகாதீர்கள், குத்துப்பட்டால் தீப்பிடிக்கும்.

எதிர்பாராதது ஒன்று: அழைப்பில் இருக்கும்போது இருண்ட திரை, காதிலிருந்து எடுத்தாலும் ஒளிரவில்லை. போன் காதருகே இருப்பதை உணர்ந்து திரையை அணைக்கும் ப்ராக்ஸிமிட்டி சென்சாரைச் சுற்றியிருந்த குட்டி ரப்பர் பழைய ஃப்ரேமிலேயே தங்கிவிட்டது. அதை எடுத்துப் பொருத்தியதும் சரியாகிவிட்டது. அப்புறம்தான் பின்மூடியை ஒட்டினேன்.