புதுப்பிப்பு: அது பெரம்பூர் இல்லை

‘ராயர் வாலை இழந்து ஊர் சேர்ந்தார், ரயில் கிளம்பியது (5).’ சனிக்கிழமை குறுக்கெழுத்தில் இந்தக் குறிப்புக்கு விடை பெரம்பூர்தான் என்று அடித்து எழுதியிருந்தேன். ஐந்து கட்டம், ரயில் நிலையம், வேறென்ன வேண்டும் என்று ஒரு நினைப்பு. ராயரை மறந்தே போனேன்.

இன்று காலை தண்டையார்பேட்டை டீக்கடையில் ஒரு பெரியவர் பேப்பரை எட்டிப் பார்த்தார். “தம்பி, மூணாவது கட்டத்துல இருந்து கீழே ஒரு வார்த்தை ஆரம்பிக்குதே. ‘ம்’ல ஆரம்பிக்கிற வார்த்தை தமிழ்ல இருக்கா?”

இல்லைதான். மெய்யெழுத்து சொல்லின் முதலில் வராது, பள்ளியில் படித்ததுதான்.

அப்புறம் தானாக விழுந்தது. ராயர் கடைசி எழுத்தை விட்டால் ‘ராய’. ஊர் என்றால் ‘புரம்’. ராயபுரம்! 1856ல் தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் ஆற்காடு பக்கத்து வாலாஜா ரோடு நிலையத்துக்குக் கிளம்பியது அங்கிருந்துதானே. தினமும் அந்த வழியாகத்தான் வேலைக்குப் போகிறேன், வெட்கம். மூன்றாவது கட்டம் ‘பு’ ஆனதும் கீழே ‘புதிர்’ பொருந்திவிட்டது.

பெரியவர் விடவில்லை, சொந்தமாக ஒன்று போட்டார்: ‘தலை போனால் முளைக்கும் பாட்டு (3).’ இரண்டு டீ ஆனது எனக்கு. கவிதை. ‘க’ போனால் விதை.