7 வாரக் குழந்தைக்கு அடிக்கடி விக்கல், தண்ணி கொடுக்கலாமா?

தூங்காதவள்:
மகளுக்கு 7 வாரம். ஒரு நாளைக்கு அஞ்சாறு தடவை விக்கல் வருது, ஒவ்வொரு தடவையும் பத்து நிமிஷமாவது நீடிக்குது. சின்ன உடம்பு தூக்கித் தூக்கிப் போடுறதைப் பார்க்க முடியல. பகல்ல தாய்ப்பால், ராத்திரி பாட்டில். ரெண்டு ஸ்பூன் தண்ணி கொடுத்தா நின்னுடும்னு வீட்ல சொல்றாங்க. கொடுக்கலாமா?

கடைக்குட்டி அப்பா:
எங்க பையனுக்குத் தண்ணிதான் கொடுத்தோம். ரெண்டே நிமிஷத்துல நின்னுச்சு. பயப்படாம கொடுங்க.

ராத்திரி டூட்டி:
வேண்டாங்க. நான் குழந்தைகள் வார்டுல நர்ஸ். 6 மாசம் வரைக்கும் தனியா தண்ணியே தேவையில்ல. இந்த வயசுச் சிறுநீரகத்தால கூடுதல் தண்ணியைச் சட்டுனு வெளியேத்த முடியாது. அளவு கூடினா ரத்தத்துல சோடியம் குறைஞ்சு வலிப்பு வரைக்கும் போகும். ரெண்டு ஸ்பூன்ல அவ்வளவு நடக்காதுதான், ஆனா நாளைக்கு ஆறு விக்கல்னா கணக்குப் பாருங்க. (மேலே அண்ணன் பையனுக்கு அந்த நேரத்துல விக்கல் தானாவே நின்னிருக்கும், பேரைத் தண்ணி தட்டிட்டுப் போயிடுச்சு.) தேனும் 1 வயசு வரைக்கும் கூடவே கூடாது.

நெஞ்சுக்கும் வயித்துக்கும் நடுவுல இருக்கிற உதரவிதானம் திடீர்னு சுருங்கும்போது காத்து உள்ளே இழுபடுது, உடனே குரல்வளை மூடிக்குது. அந்தச் சத்தம்தான் விக்கல். வயிறு உப்பினா அந்தத் தசையைச் சீண்டும். அதனால விக்கலை விட்டுட்டு, பால் கொடுக்கிற விதத்தைப் பாருங்க. எப்போ அதிகமா வருது? எடை ஏறுதா?

தூங்காதவள்:
எடை நல்லா ஏறுது. யோசிச்சுப் பார்த்தா முக்கால்வாசி ராத்திரி பாட்டிலுக்கு அப்புறம்தான்!

ராத்திரி டூட்டி:
பாட்டிலைக் கவுத்துப் பிடிங்க. சொட்டுச் சொட்டா விழுதா, கோடா ஒழுகுதா?

தூங்காதவள்:
கோடா ஒழுகுது. நிப்பிள் அட்டையைத் தேடி எடுத்தேன், 6 மாசத்துக்கு மேலன்னு போட்டிருக்கு. மெதுவா குடிக்கிறாளேன்னு நான்தான் மாத்தினேன் 🙈

ராத்திரி டூட்டி:
ஆள் பிடிபட்டாச்சு. பிறந்த குழந்தைக்கான நிப்பிளுக்கு மாறுங்க. படுக்க வைக்காம, நிமிர்த்தின மாதிரி மடியில வச்சு, நிப்பிள் முழுக்கப் பால் நிக்கிற அளவுக்கு மட்டும் சாய்ங்க. நடுவுல ஒரு தடவையாவது நிறுத்தி ஏப்பம் விட வைங்க. பசிச்சு அழ ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே கொடுத்தா காத்து கம்மியா போகும். குடிச்சதும் 20 நிமிஷம் தோள்லயே இருக்கட்டும். அப்பவும் விக்கினா சூப்பானைச் சப்ப விட்டுப் பார்க்கலாம், சும்மாவும் விட்டுடலாம். அவளுக்கு வலிக்காது.

மூணாவது ரவுண்டு:
கர்ப்பமா இருந்தப்போ வயித்துக்குள்ள சீரா ஒரு துடிப்பு, நிமிஷக்கணக்குல வந்திருக்குமே? அதுவே விக்கல்தான். லண்டன் யூனிவர்சிட்டி காலேஜ்ல 2019-ல 13 பச்சைக் குழந்தைங்களைப் பதிவு பண்ணிப் பார்த்தாங்க. ஒவ்வொரு விக்கலுக்கும் மூளையில அலை எழுந்துதாம். மூச்சுத் தசையை அடக்கிப் பழகுற பாடமா இருக்கலாம்கிறது அவங்க ஊகம். இதைப் படிச்ச அப்புறம்தான் நான் கடிகாரம் பார்க்கிறதை விட்டேன்.

தூங்காதவள்:
அஞ்சு நாள் ஆச்சு. ராத்திரி விக்கல் ஒண்ணு, சில நாள் அதுவும் இல்ல. ஆனா ஒரு பாட்டில் முடிக்க இருபது நிமிஷம் ஆகுது, எனக்குத்தான் தலை சாயுது. எப்போ டாக்டர்கிட்ட போகணும்?

ராத்திரி டூட்டி:
விக்கலோட முதுகை வளைச்சு அழுறது, குடிக்க மறுக்கிறது, திரும்பத் திரும்ப வாந்தி, எடை ஏறாம நிக்கிறது, மணிக்கணக்கா நிக்காத விக்கல்: இதுல ஏதாவது இருந்தா காட்டிடுங்க. பச்சை நிற வாந்தியோ உதடு நீலமாகுறதோ தெரிஞ்சா அந்த நிமிஷமே ஆஸ்பத்திரி.

தூங்காதவள்:
தூக்கத்துல விக்கினா எழுப்பணுமா?

ராத்திரி டூட்டி:
எழுப்பாதீங்க. மல்லாக்கப் படுத்திருந்தா அப்படியே விடுங்க. நீங்களும் படுங்க.