மறு: தாள் நெகட்டிவுக்கு ஒரு கலைச்சொல்

அன்புடையீர்,

சுசீந்திரம், சிதறால் கோயில்களுக்கு நாம் எழுதும் கையேட்டில் பழைய ஒளிப்படங்களுக்கு ஓர் இயல் வருகிறது. ‘நெகட்டிவ்’ (வெளிச்சம் கறுப்பாகவும் நிழல் வெளுப்பாகவும் பதியும் மூலப்படம்) என்பதை ‘எதிர்மறைப் படம்’ என்று எழுத நான் உடன்படமாட்டேன். கோயிலைத் திட்டுவதற்காக எடுத்த படம் என்று நினைப்பார்கள். ‘எதிர்த்தாள்’ என்றொரு யோசனையும் வந்தது. யாரை எதிர்த்தாள் என்று மாணவர் கேட்பார்.

செய்முறையைப் பார்த்துவிட்டுப் பெயர் வைப்போம். ஆங்கிலேய ஒளிப்படக்காரர் லின்னேயஸ் டிரைப் 1858இல் தஞ்சைப் பெரிய கோயிலை எடுத்தது மெழுகேற்றிய தாளில். மெழுகு ஏறினால் தாளுக்குள் ஒளி ஊடுருவும், நாரும் அவ்வளவாகத் தெரியாது. ஆனால் அந்தக் கால ரசாயனம் நீல ஒளிக்கு மிகையாகக் கறுத்துவிடும். அச்சில் வானம் வெறும் வெள்ளையாக விழும். அதற்காக டிரைப் நெகட்டிவின் மேலேயே தூரிகையால் மேகம் தீட்டியிருக்கிறார்! அப்படிப் பக்குவப்படுத்திய ஒரு தாளிலிருந்து எத்தனை படி வேண்டுமானாலும் எடுக்கலாம். படிகளுக்கெல்லாம் கரு அது. ‘கருப்படி’ என்றால் என்ன?

கல்வெட்டு மைப்படியை நினைத்துப் பாருங்கள். ஈரத்தாளைக் கல்லில் ஒட்டி, தூரிகையால் தட்டி, மை ஒற்றினால் சுற்றிலும் கறுப்பு, பள்ளத்து எழுத்து வெள்ளை. அதை எவரும் எதிர்மறை என்பதில்லை.

நாகர்கோவிலிலிருந்து

--

அண்ணாச்சி,

வாதம் சரி, சொல்தான் ஆபத்து. கருப்படி என்று அச்சுக்குக் கொடுத்தால் நம் மாவட்டத்தில் கருப்பட்டியாகத்தான் திரும்பி வரும். மைப்படியும் பாதிதான் பொருந்துகிறது: அதில் எழுத்து நேராக நிற்கும், நெகட்டிவில் இடவலம் மாறும். (மெழுகுத்தாளைத் திருப்பிப் பிடித்துப் படித்துவிடலாம் என்பது வேறு.)

‘கரு’ இருக்கட்டும். முன்னால் பொருளைச் சேர்ப்போம்: தாள்கரு, கண்ணாடிக்கரு. தாட்கரு என்று திருத்த வருவார்கள், வரட்டும். 1851இல் ஆங்கிலேயர் ஆர்ச்சர் அறிவித்த கொலோடியன் (கண்ணாடியில் பூசும் பசைக்கரைசல்) முறையில் தாளுக்குப் பதில் கண்ணாடி வந்ததும் உளித்தடம்கூடக் கூர்மையாகப் பதிந்தது. தாளில் கல்லின் விளிம்பு சற்றே கரைந்து நிற்கும். சிற்பம் தேய்ந்ததா, தாள் மழுக்கியதா என்று பார்ப்பவர் பிரித்தறிய வேண்டாமா?

நம் கோயில்கள் அன்று திருவாங்கூரில் இருந்தன; டிரைப்பின் தொகுதிகளில் திருவாங்கூர் இல்லை. எனவே தஞ்சை விமானத்தின் அடித்தளக் கல்வெட்டைக் காட்டும், ஏறத்தாழ 19 அடி நீளப் படத்தையே நடுப்பக்கத்தில் மடித்து வையுங்கள். கீழே இப்படிப் போடலாம்: ‘21 தாள்கருக்களிலிருந்து எடுத்து ஒட்டிய படி, 1858’.

தக்கலையிலிருந்து