பழைய மேனுவல் ஃபோகஸ் லென்ஸ் வச்சு படம் எடுக்கறவங்க, உங்க அனுபவத்தைக் கொஞ்சம் சொல்லுங்களேன்

முதல்ல நானே ஆரம்பிக்கிறேன். என்கிட்ட இருக்கறது ஹீலியோஸ் 44-2, 58 எம்எம் எஃப்/2. ஜெர்மன் கம்பெனி கார்ல் சைஸ் யேனாவோட பழைய பயோட்டர் டிசைனை வச்சு சோவியத் யூனியன்ல செஞ்சு தள்ளின லென்ஸ், கேமராவுல திருகி மாட்டற எம்42 மரை. முழுக்க உலோகம், கையில எடுத்தாலே ஒரு கனம் தெரியும்.

வந்த அன்னைக்கே அடாப்டர் போட்டு மிரர்லெஸ் கேமராவுல மாட்டினேன், ஷட்டரே அடிக்கல. லென்ஸ் கெட்டுப்போச்சோன்னு பதறிட்டேன், அப்புறம்தான் மெனுவுல 'லென்ஸ் இல்லாம ஷட்டர் ரிலீஸ்'னு ஒண்ணு இருக்கு, அதை ஆன் பண்ணணும்னு தெரிஞ்சுது. கேமரா பாடியிலயே கை நடுக்கத்தைச் சமாளிக்கற ஸ்டெபிலைசேஷன் இருக்கறவங்க ஃபோகல் லெங்த்தையும் கையால போட்டு வைங்க, லென்ஸ்ல எழுதியிருக்கற 58-ஐத்தான் போடணும், சின்ன சென்சாருக்கான க்ராப் கணக்குப் போட்டு (ஒண்ணரை மடங்கு) 87னு போடக்கூடாது.

இந்த லென்ஸ்ல அபர்ச்சருக்கு, அதாவது வெளிச்சம் உள்ள வர்ற துளைக்கு, ரெண்டு வளையம் (எஃப் நம்பர் சின்னதா இருந்தா துளை பெருசு). முன்னாடி இருக்கறது டக் டக்னு நிக்கும், அதுல எஃப்/4ன்னு வச்சீங்கன்னா அதுதான் எல்லை. அடுத்த வளையம் சத்தமே இல்லாம எஃப்/2-க்கும் அந்த எல்லைக்கும் நடுவுல மட்டும் ஓடும். முழுசா திறந்து வச்சு ஃபோகஸ் பண்ணிட்டு, கண்ணை எடுக்காமலே வளையத்தை எல்லை வரைக்கும் தள்ளி, க்ளிக். இது பிடிபட எனக்கு ஒரு வாரம் ஆச்சு, ஆனா பழகினதுக்கப்புறம் இவ்வளவு யோசிச்சு ஒரு பொருளைச் செஞ்சிருக்காங்களேன்னு மனசார மரியாதை வந்துடுச்சு.

ஆனா நான் நிஜமா சொல்ல வந்தது வேற. என் பொண்ணுக்கு அப்ப நாலு வயசு. ஒரு சாயங்காலம் அவளை மட்டும் இருநூறு படம் எடுத்தேன், எல்லாம் எஃப்/2-ல, ஃபோகஸ் ஆன ஓரங்களைக் கலர்ல காட்டற பீக்கிங்கை ஆன் பண்ணி முகத்துல சிவப்புக் கோடு மின்னினதும் அமுக்கிட்டே இருந்தேன், கேமரா ஸ்க்ரீன்ல பார்த்தா ஒவ்வொண்ணும் அருமை. கம்ப்யூட்டர்ல போட்டு பெருசு பண்ணிப் பார்த்தா காதோரம் பறக்கற முடி ஒவ்வொண்ணா எண்ணலாம், கண்ணு மட்டும் மங்கல். இருநூறுல தேறினது ஆறோ ஏழோ. ஒரு மீட்டர் தூரத்துல எஃப்/2-ல தெளிவா விழற ஆழம் ஏறக்குறைய ரெண்டரை சென்டிமீட்டர்தான், பீக்கிங் கோடு அதைவிட அகலமா பூசிடுது. அது 'இந்தப் பக்கம்'னு காட்டும், 'இந்த இடம்'னு காட்டாது.

அதுக்கப்புறம் பீக்கிங்கை அணைச்சுட்டு, ஸ்க்ரீன்ல ஒரு இடத்தைப் பெருசாக்கிக் காட்டற மேக்னிஃபை மட்டும் வச்சுக்கிட்டேன். ஃபோகஸ் ரிங்கைத் தோராயமா கொண்டுவந்து நிறுத்திட்டு அதோட ரிங்கைத் தொடறதில்ல, மூச்சை விட்டுட்டு உடம்பை முன்னாடி பின்னாடி ஒரு விரக்கடை அளவு சாய்க்கறது. கண்ணிமை முடி தனித்தனியா பிரிஞ்சு தெரியற அந்த நொடியில அமுக்கணும். இதைக் கத்துக்கிட்டதுக்கப்புறம் பாதிக்கு மேல தேறுது.

சரி, ஓடற குழந்தையை என்ன பண்றது? துரத்திக்கிட்டே ரிங் திருப்பிப் பார்த்தேன், நடக்கல. ஒரு நாள் அவ ஊஞ்சல் ஆடிட்டிருந்தா. பார்த்துட்டே இருந்தப்ப கவனிச்சேன், ஊஞ்சல் முன்னாடி உச்சிக்கு வந்ததும் ஒரு கணம் நிக்குது, அப்புறம்தான் திரும்புது. அந்த இடம் ஒவ்வொரு தடவையும் கிட்டத்தட்ட அதே இடம். ஊஞ்சல் சங்கிலியைப் பிடிச்சு அந்த உச்சியில நிறுத்தி அவ கண்ணுக்கு ஃபோகஸ் வச்சேன், விட்டேன், நான் நின்ன இடத்தை விட்டு அசையாம காத்துக்கிட்டிருந்தேன். மங்கலா வர்றா, வர்றா, உச்சிக்கு வந்ததும் பளிச்னு தெளியறா, திரும்ப மங்கிப் போறா. பத்துப் பதினைஞ்சு தடவை பார்த்துட்டுதான் முதல் க்ளிக்கே அடிச்சேன். முடி முன்னாடி பறக்குது, வாய் திறந்திருக்கு, ரெண்டு கண்ணும் ஊசி முனை மாதிரி கூர்மை, பின்னாடி இலை நடுவுல வர்ற வெளிச்சம் பூரா சுழிச்சுக்கிட்டு நிக்குது. (அந்தச் சுழல் ஓரத்துலதான் அதிகம், என்னோடது மாதிரி சின்ன ஏபிஎஸ்-சி சென்சார்ல பாதி வெட்டுப்பட்டுடும். பெரிய ஃபுல் ஃப்ரேம் சென்சார் இருக்கறவங்க குடுத்து வச்சவங்க.) ஆட்டோஃபோகஸ்ல அவளை ஆயிரக்கணக்குல எடுத்திருக்கேன், ஆனா ஒரு படத்துக்காக அவளை இவ்வளவு நேரம் கண்ணு எடுக்காம பார்த்ததில்ல.

நீங்க சொல்லுங்க.

*

அண்ணே, ஊஞ்சல் விஷயம் சூப்பர், இந்த வாரமே ட்ரை பண்றேன். என் கதை பென்டாக்ஸோட சூப்பர் டாகுமர் 50 எம்எம் எஃப்/1.4. வாங்கி வெள்ளைப் பேப்பர் மேல வச்சுப் பார்த்தா டீ கலர்ல இருக்கு. விசாரிச்சா 1964-ல வந்த முதல் வெர்ஷன்ல எட்டு கண்ணாடி, அதுக்கப்புறம் வந்த ஏழு கண்ணாடி வெர்ஷன்ல கதிரியக்கம் உள்ள தோரியம் கலந்த கண்ணாடி போட்டிருக்காங்க, அது வருஷம் போகப்போக பழுப்பாகுமாம். புற ஊதா வெளிச்சம் பட்டா தெளியும். ஜன்னல் வெயில்ல பின்பக்கம் அலுமினிய ஃபாயில் சுத்தி தினமும் வச்சேன், சில வாரத்துல நிறம் நல்லாவே இறங்கிடுச்சு. ஒண்ணு கண்டிப்பா சொல்லணும், ஃபாயில் இல்லாம வெயில்ல வைக்காதீங்க, அது பூதக்கண்ணாடி வேலை பார்க்கும், கீழ துணி பேப்பர் இருந்தா பத்திக்கும். தோரியம்னா பயமான்னு கேப்பீங்க, வச்சுப் படம் எடுக்கறதுல பிரச்னை இல்ல, கண்ணாடியைத் தேய்க்கறது உடைக்கறது மட்டும் வேண்டாம்.

*

நான் நிக்கான் டிஎஸ்எல்ஆர்ல எம்42 லென்ஸ் போட்டு ரொம்ப நாள் அவஸ்தைப்பட்டேன். கிட்ட எல்லாம் நல்லா வருது, தூரத்துல இருக்கற மலை மட்டும் தெளியவே மாட்டேங்குது. காரணம் தூரக்கணக்கு. எம்42 லென்ஸ் சென்சார்ல இருந்து 45.46 மில்லிமீட்டர்ல உக்காரணும், நிக்கான்ல லென்ஸ் மாட்டற எஃப் மவுண்டே 46.5-ல ஆரம்பிக்குது. ஒரு மில்லிமீட்டர்தான் வித்தியாசம், ஆனா இன்ஃபினிட்டி, அதாவது ரொம்ப தூரத்து ஃபோகஸ், போச்சு. நடுவுல கண்ணாடி வச்ச அடாப்டர் கிடைக்குது, படத்தைக் கெடுக்குது, எனக்குப் பிடிக்கல. சோனி இ மவுண்ட் 18 மில்லிமீட்டர்தான், அதனால மிரர்லெஸ்ல அடாப்டருக்கு தாராளமா இடம் இருக்கு.

இன்னொண்ணு, டிஎஸ்எல்ஆர் வ்யூஃபைண்டரை நம்பி எஃப்/1.4-ல ஃபோகஸ் பண்ணாதீங்க. இப்ப வர்ற ஸ்க்ரீன் எஃப்/2.8 மாதிரிதான் ஆழத்தைக் காட்டும், உள்ள தெளிவா தெரியறது படத்துல தப்பியிருக்கும். லைவ் வ்யூல பெருசு பண்ணிப் பாருங்க. வ்யூஃபைண்டர்லயே பார்க்கறதா இருந்தா, முதல்ல கண் பக்கத்துல இருக்கற டயாப்டர் சக்கரத்தைத் திருப்பி, உள்ள தெரியற நம்பர் எல்லாம் பளிச்னு வர்ற மாதிரி வைங்க. நான் ஆறு மாசம் இதைச் செய்யாம லென்ஸைத் திட்டிட்டிருந்தேன்.

*

வாங்கறவங்களுக்கு ஒரு விஷயம். 'புதுசு மாதிரி'ன்னு சொல்லி ஒருத்தர் வித்த 135 எம்எம் லென்ஸ், படத்துல வெளியில பளபளன்னு இருந்துச்சு. வந்ததும் அபர்ச்சரை முழுசா திறந்து பின்னாடி இருந்து டார்ச் அடிச்சுப் பார்த்தேன், உள்ள சிலந்தி வலை மாதிரி ஃபங்கஸ். துடைச்சுக் குடுத்தாங்க, வலை போச்சு, ஆனா அது கண்ணாடி மேல இருக்கற கோட்டிங்கை அரிச்ச தடம் அப்படியே இருக்கு, எதிர் வெளிச்சத்துல பூரா வெளுத்துப் போகுது. டார்ச் அடிச்ச படம் கேளுங்க, தர மாட்டேன்னா விட்டுடுங்க. அபர்ச்சர் தகட்டுல எண்ணெய் இருக்கான்னும் கேளுங்க.

அப்புறம் ஓடற பசங்களுக்கு என் வழி, 28 எம்எம், எஃப்/8, லென்ஸ்ல இருக்கற தூர ஸ்கேல்ல மூணேகால் மீட்டர். ஃபுல் ஃப்ரேம்ல ஒண்ணரை மீட்டருக்குக் கொஞ்சம் தள்ளி ஆரம்பிச்சு கண்ணுக்கெட்டின தூரம் வரைக்கும் ஓரளவு தெளிவா நிக்கும், ஃபோகஸைத் தொடவே வேண்டாம்.

*

எல்லாருக்கும் நன்றி. 28 நல்ல யோசனைதான், ஆனா எனக்கு அந்த மங்கி வர்ற முகம் வேணும், அதனால எஃப்/2-ஐ விட மனசு வரல. நேத்து என் பொண்ணு கேமராவைக் கேட்டா. ட்ரைபாட்ல வச்சு ரிங்கை அவ கையில குடுத்துட்டு நான் எதிர்ல உக்காந்தேன். அஞ்சு விரலும் சுத்திப் பத்தல, ரெண்டு கையாலயும் பிடிச்சுத் திருப்பறா. "அப்பா வர்றாரு... வர்றாரு... வந்துட்டாரு... ஐயோ போயிட்டாரு"ன்னு திரும்ப முதல்ல இருந்து. அரை மணி நேரம் ஆச்சு, படம் ஒண்ணுகூட எடுக்கல.