ஆகஸ்டில் ஏஜியன் கடலில் கைட்சர்ஃபிங்: பாரோஸா, நக்ஸோஸா, ரோட்ஸா?

அலைவிரும்பி (வினா):
வணக்கம். ஆகஸ்ட் முதல் பாதியில் பத்து நாள் விடுப்பில் நானும் என் மனைவியும் கிரேக்கத் தீவு ஒன்றுக்குச் செல்ல எண்ணியிருக்கிறோம். பெரிய காற்றாடி (கைட்) இழுக்க, பலகையில் நின்று நீரின் மேல் ஓட்டும் கைட்சர்ஃபிங்கில் அடிப்படைப் பயிற்சியை முடித்துவிட்டேன். போர்டில் எழுந்து நின்று இரு திசைகளிலும் ஓரளவு ஓட்ட முடிகிறது. ஆனால் காற்றுக்கு எதிராக ஏறி, புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வருவது இன்னும் கைவரவில்லை. என் மனைவிக்கு இவ்விளையாட்டில் நாட்டமில்லை. நீந்தவும் ஊர் பார்க்கவும் விரும்புகிறார். பாரோஸில் பூண்டா, நக்ஸோஸில் மிக்ரி விக்லா, ரோட்ஸின் தென்முனையில் பிரசோனிசி ஆகிய மூன்றையும் பலர் பரிந்துரைக்கிறார்கள். இவற்றுள் எதைத் தேர்வது, ஒரே தீவில் தங்குவதா இரண்டைச் சேர்த்துப் பார்ப்பதா, கைட்டை வாங்கிக்கொண்டு போவதா அங்கேயே வாடகைக்கு எடுப்பதா என்று முடிவெடுக்க உதவுங்கள்.

வடகாற்று:
தீவைப் பற்றி யோசிப்பதற்கு முன் மாதத்தைப் பற்றி யோசியுங்கள். கோடையில் பால்கன் பகுதியின் மேல் உயர் அழுத்தமும் துருக்கி நிலப்பரப்பின் மேல் வெப்பத்தால் உண்டாகும் தாழ்வழுத்தமும் நிலைகொள்வதால், அவ்விரண்டுக்கும் நடுவே ஏஜியன் கடல் நெடுக வடக்கிலிருந்து மெல்தெமி என்னும் வறண்ட காற்று வீசுகிறது. ஜூலையிலும் ஆகஸ்டிலும்தான் அது உச்சம். காற்றின் வலுவை 0 முதல் 12 வரை குறிக்கும் பியூஃபோர்ட் அளவில் 5, 6 என்பது வழக்கமான நாள். 7 வந்தாலும் அங்கிருப்பவர்கள் வியப்பதில்லை. 7 என்றால் 28 முதல் 33 நாட் (மணிக்கு ஏறத்தாழ 52 முதல் 61 கிலோமீட்டர்) வேகம். வானில் ஒரு மேகமும் இல்லாதபோதே இது நாட்கணக்கில் ஓயாமல் வீசும் என்பதால், வெயிலையும் நீலக் கடலையும் மட்டும் பார்த்து இறங்குகிறவர்கள் அதன் வலுவைக் குறைத்து மதிப்பிட்டுவிடுகிறார்கள்.

தங்கள் நிலையில் இருப்பவருக்கு வேகத்தைவிடக் காற்றின் திசையே முக்கியம். பிரசோனிசியில் ஒரு மணல் திட்டு, தீவின் முனையைச் சிறு குன்றுத்தீவு ஒன்றுடன் இணைக்கிறது. நீர்மட்டம் உயரும்போது அத்திட்டு மூழ்கியும் போகும். திட்டின் ஒருபுறம் அலைகள் புரள, மறுபுறம் நீர் சமதளமாகக் கிடக்கும். அந்தச் சமதள நீரைப் படங்களில் பார்த்துவிட்டு, கற்றுக்கொள்வதற்கு ஏற்ற இடம் இதுவே என்று பலர் முடிவு செய்கிறார்கள். ஆனால் அங்கே காற்று மணலைத் தாண்டித் திறந்த கடலை நோக்கி வீசுகிறது. அலை எழாததற்குக் காரணமே அதுதான். காற்றை எதிர்த்து ஏறத் தெரியாதவர் கைட்டைத் தவறவிட்டால் கரையை விட்டு விலகிக்கொண்டே போவார். மீட்புப் படகு வந்துதான் ஆகவேண்டும். கார்பதோஸ் தீவின் அஃபியார்திஸ் குடாவும் இத்தகையதே, அங்கே காற்று இன்னும் கடுமை. இவ்விரண்டும் இந்த ஆண்டு தங்களுக்கு வேண்டாம்.

தீவுப்பயணி:
முன்னவர் சொன்னதில் ஒரு திருத்தம் மட்டும் கூற விரும்புகிறேன். பிரசோனிசியில் பயிற்சிப் பள்ளிகளும் மீட்புப் படகுகளும் உள்ளன. ஆசிரியருடன் கற்பதாக இருந்தால் அதை முற்றிலும் ஒதுக்க வேண்டியதில்லை. ஆனால் தங்கள் மனைவியை நினைத்தால் நானும் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். ரோட்ஸ் நகரத்தின் இடைக்காலக் கோட்டைத் தெருக்கள் அங்கிருந்து ஏறத்தாழ 90 கிலோமீட்டர் தொலைவில் இருக்கின்றன. பிரசோனிசியிலோ சில விடுதிகளும் உணவகங்களும் தவிர வேறொன்றுமில்லை.

பூண்டா, பாரோஸுக்கும் அந்திபாரோஸுக்கும் இடைப்பட்ட குறுகிய நீரிணையில் இருக்கிறது. காற்று அவ்விடைவெளியில் நெருக்குண்டு வேகம் கூடுகிறது. நன்கு ஓட்டுகிறவர்கள் விரும்புவது அதனால்தான். அவர்கள் நடுவே தடுமாறிக் கற்பது இருவருக்குமே தொல்லை. ஆகவே என் தேர்வு மிக்ரி விக்லா. அங்கு ஒரு பாறை முனை கடற்கரையை இரண்டாகப் பிரிக்கிறது. வடபுறம் காற்றுக்கு முகம் கொடுத்துக் கைட்டுகள் பறக்கும். அதே பக்கத்தில் சற்றுத் தள்ளி நீண்டு செல்கிறது பிளாக்கா மணற்கரை. நக்ஸோஸ் நகரத்தில் கி.மு. 6ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த, கட்டி முடிக்கப்படாத கோயிலின் பளிங்கு வாயில் நிற்கிறது. உள்நாட்டு மலைக்கிராமங்களான ஹல்கி, அபிராந்தோஸ் ஆகியவற்றுக்கு ஒருநாள் ஒதுக்கலாம். காற்று மிகுந்த நாள்களில் கடற்கரையில் மணல் முகத்தில் அறையும் என்பதால், தங்கள் மனைவிக்கு மலைக்கிராமம் இன்னும் பிடித்துப்போகும்.

துறைமுகவாசி:
இரண்டு தீவு வேண்டாம். காற்று ஒரு வரம்பைத் தாண்டினால் துறைமுக அதிகாரிகள் கப்பல் போக்குவரத்தையே நிறுத்திவிடுவார்கள். கட்டமரான் எனப்படும் இரட்டை உடல் கொண்ட அதிவேகப் பயணிகள் கப்பல்கள் பெரிய கப்பல்களுக்கு முன்பே நின்றுவிடும். தாங்கள் விரும்பும் காற்று வீசும் நாளும் கப்பல் ஓடாத நாளும் பெரும்பாலும் ஒன்றே. நாடு திரும்பும் விமானத்துக்கு முந்தைய இரவு ஏதென்ஸிலேயே இருக்கும்படி திட்டமிடுங்கள்.

கருவிகளைப் பொறுத்தவரை வாடகையே மேல். ஏறத்தாழ 75 கிலோ எடையுள்ளவருக்கு 15 நாட் காற்றில் 12 சதுர மீட்டர் கைட் தேவைப்படும். 20 தாண்டினால் 9, 25க்கு மேல் 7. பத்து நாளில் இம்மூன்றும் தேவைப்படலாம். வாடகை தருபவர்கள் பயிற்சிச் சான்று அட்டையைக் கேட்பதுண்டு. மறவாமல் எடுத்துச் செல்லுங்கள். கைட்டின் இழுப்பைத் தாங்க இடுப்பில் கட்டும் பட்டையான ஹார்னஸ் மட்டும் சொந்தமாக இருப்பது நல்லது, உடலுக்குப் பொருந்தாதது இடுப்பைப் பதம் பார்த்துவிடும்.

அலைவிரும்பி:
அனைவருக்கும் நன்றி. நக்ஸோஸ் ஒன்றே என்று முடிவு செய்கிறோம். விடுப்பைச் செப்டம்பருக்கு மாற்றவும் வாய்ப்பு உண்டு. அப்போது காற்று போதுமானதாக இருக்குமா?

வடகாற்று:
செப்டம்பரில் மெல்தெமி தளர்கிறது. வீசும் நாள் குறையும். வீசினாலும் தங்களுக்குப் பொருத்தமான வேகத்தில் இருக்க வாய்ப்பு மிகுதி. கோடை முழுவதும் சூடேறிய கடல்நீர் அப்போதும் வெதுவெதுப்பாகவே இருப்பதால் தங்கள் மனைவிக்கும் அதுவே ஏற்ற காலம். பத்தில் நான்கைந்து நாள் கைட்டை மடித்து வைத்துவிட்டுச் சும்மா இருக்க மனம் ஒப்பும் என்றால் செப்டம்பரின் முதல் பாதியைத் தேர்ந்தெடுங்கள். ஒப்பாது என்றால் ஆகஸ்டிலேயே போய், முதல் மூன்று நாளுக்கு ஆசிரியரை அமர்த்திக்கொண்டு, காற்றுக்கு எதிராக ஏறுவதை மட்டும் பழகுங்கள். பிற்பகலில் காற்று வலுப்பது வழக்கம் என்பதால் வகுப்பைக் காலையில் வைத்துக்கொள்ளுங்கள்.