முதல் சிஎன்சி மில்லிங் மெஷின்: பெஞ்ச் மில்லா, கேன்ட்ரியா?

வணக்கம். முதல் சிஎன்சி (கணினி கட்டுப்பாட்டில் இயங்கும்) மில்லிங் மெஷினைத் தேர்ந்தெடுக்க யோசிக்கிறேன். வேலை 6061 என்ற அலுமினியக் கலவையில் 150 மி.மீ. பிராக்கெட்டுகள், ±0.05 மி.மீ. துல்லியம். வீட்டில் சிங்கிள் பேஸ் 230 வோல்ட் மட்டுமே. 3018 என்ற சிறிய மேசை ரௌட்டர் என் பட்டியலில் இல்லை. பிரேம் வளைந்துகொடுக்கும், அதிர்வில் எண்ட்மில் (வெட்டும் கட்டர்) முனை உடையும்.

வார்ப்பிரும்பு பெஞ்ச் மில்லில் 1605 பால் ஸ்க்ரூ (அச்சை நகர்த்தும் 16 மி.மீ. திருகு, சுற்றுக்கு 5 மி.மீ.), நேமா 23 அளவு ஸ்டெப்பர் மோட்டார் மாட்டினால் உறுதி கிடைக்கும். ஆனால் ஸ்பிண்டில் (கட்டரைச் சுழற்றும் தண்டு) 2500 ஆர்பிஎம்மோடு நின்றுவிடும். 6 மி.மீ. கார்பைடு கட்டரை நிமிடத்துக்கு 150 மீட்டர் வேகத்தில் ஓட்ட ஏறக்குறைய 8000 ஆர்பிஎம் வேண்டுமே! 2.2 கிலோவாட் ஸ்பிண்டில் உள்ள கேன்ட்ரியில் (மேசைக்கு மேல் பாலம்போன்ற சட்டத்தில் ஸ்பிண்டில் இருக்கும் வகை) வேகம் தாராளம். இசட் அச்சு (மேலும் கீழும் நகரும் பகுதி) நீண்டு தொங்கினால்தான் ஆட்டம்.

கேன்ட்ரி வைத்திருப்பவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள்: ஸ்பிண்டில் மூக்கை 5 கிலோ விசையில் இழுத்தால் டயல் இண்டிகேட்டர் (நுண்ணிய அசைவை அளக்கும் கருவி) எவ்வளவு காட்டுகிறது? ஸ்பிண்டில் வேகத்தைக் கட்டுப்படுத்தும் விஎஃப்டி ஓடும்போது 30 மில்லிஆம்ப் ஆர்சிசிபி (மின்கசிவில் இணைப்பைத் துண்டிக்கும் சுவிட்ச்) ட்ரிப் ஆகிறதா?