பெருமாள்புரம் வீடா, முதியோர் குடியிருப்பா?

பாளை வாத்தியார்:
எனக்கு 67 வயது, வீட்டுக்காரிக்கு 63. பாளையங்கோட்டை பெருமாள்புரத்தில் சொந்த வீடு. கீழே வாடகைக்கு விட்டிருக்கிறோம், நாங்கள் மாடியில். மகன் பெங்களூரில், மகள் அமெரிக்காவில். நாகர்கோவில் ரோட்டில் வயதானவர்களுக்கென்றே ஒரு குடியிருப்பு வந்திருக்கிறது. 15 லட்சம் டெபாசிட். அப்புறம் சாப்பாடு, துப்புரவு, பகலில் ஒரு நர்ஸ் எல்லாம் சேர்த்து இரண்டு பேருக்கு மாதம் 42,000. வருஷத்துக்கு 8 சதவீதம் ஏற்றுவார்களாம். அரசுப் பள்ளித் தலைமை ஆசிரியராக ஓய்வு பெற்றவன், ஓய்வூதியத்தில் கட்டிவிடலாம். அவளுக்கு மூட்டு வலி, படி ஏற முடியவில்லை. நடமாட்டம் இருக்கும்போதே போய்விடலாம் என்பது என் கட்சி. அவள் ஒன்றும் சொல்லவில்லை. நம்ம ஊர்க்காரர்கள் என்ன நினைக்கிறீர்கள்?

கல்லிடைக்காரன்:
மூட்டு வலி என்றால் கீழே குடி வாருங்கள் சார், அதற்கு எதற்கு நாகர்கோவில் ரோடு? மாடியை வாடகைக்கு விடுங்கள். அந்த 15 லட்சத்தை அஞ்சலகத்தில் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் போட்டால் 8.2 சதவீத வட்டிக்கு மூன்று மாதத்துக்கு ஒரு தடவை 30,750 ரூபாய் வரும். சமையலுக்கு ஒரு அம்மா, வெளி வேலைக்கு ஒரு ஆள், குளியலறையில் பிடித்துக்கொள்ளக் கம்பி. வேறென்ன வேண்டும்? சர்க்கரை, பிரஷர் மாத்திரையை ‘மக்களைத் தேடி மருத்துவம்’ ஆட்கள் 2021இலிருந்து வீட்டுக்கே கொண்டுவந்து கொடுக்கிறார்கள். எல்லாருமே கிழவன் கிழவியாக இருக்கிற இடத்தில், எதிர்வீட்டுப் பிள்ளை அழுகிற சத்தம் கூடக் கேட்காமல், எனக்கெல்லாம் தூக்கமே வராது.

நியூஜெர்சி நெல்லையன்:
கல்லிடை அண்ணாச்சி பேச்சு கேட்க இனிமையாக இருக்கிறது. 2023 டிசம்பர் 17, 18இல் என் அம்மா ஸ்ரீவைகுண்டம் பக்கத்தில் தனியாக இருந்தார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டிய சமயம். கரண்ட் இல்லை, போன் போகவில்லை. உயிரோடு இருக்கிறார்களா என்று தெரியாமல் இங்கே கிடந்து தவித்தேன். பக்கத்து வீட்டு அண்ணாச்சிதான் அம்மாவைத் தூக்கிக்கொண்டு போய் மாடியில் உட்கார வைத்தார் என்று பிறகுதான் தெரியும். ஆளும் அம்பும் இருக்கிற ஒரு குடியிருப்பில் இருந்திருந்தால் எனக்கு அந்த வேதனை இல்லை.

கல்லிடைக்காரன்:
தம்பி, அம்மாவைத் தூக்கியது யார்? பக்கத்து வீட்டுக்காரர். நீங்களே என் கட்சியைப் பேசிவிட்டீர்கள்.

நியூஜெர்சி நெல்லையன்:
அந்த அண்ணாச்சிக்கே இப்போது எழுபது தாண்டிவிட்டது. மகன் சென்னைக்குப் போய்விட்டான். இந்தப் பக்கம் இருந்த வீடு பூட்டிக் கிடக்கிறது. அடுத்த வெள்ளத்துக்கு யார் யாரைத் தூக்குவது? உங்கள் அக்கிரகாரத்தில் எத்தனை வீட்டில் விளக்கு எரிகிறது என்று எண்ணிப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.

கல்லிடைக்காரன்:
குறைந்துவிட்டதுதான். அதற்காக மிச்சம் இருக்கிறவனும் கிளம்பிப் போனால் தெருவே இருக்காது.

அம்பை ஆச்சி:
சார், தெருவைக் காப்பாற்றுவது உங்கள் வேலை இல்லை. நான் அம்பாசமுத்திரத்துக்காரி. அவர் போன பிறகு கோயம்புத்தூரில் இப்படி ஒரு குடியிருப்பில்தான் இருக்கிறேன். அங்கே இதெல்லாம் முன்னாடியே வந்துவிட்டது, நம்ம பக்கம் இப்போதுதான் வருகிறது. வந்த புதிதில் எனக்கும் பிடிக்கவில்லை. ஏழு மணிக்கே ராச்சாப்பாடு, ஒன்பதுக்கு வராந்தா விளக்கை அணைப்பார்கள், எல்லாம் மேனேஜர் வைத்ததுதான் சட்டம். அப்புறம் நாங்களே கமிட்டி போட்டோம். இப்போது மளிகை பில்லை மாதாமாதம் நாங்கள் பார்க்கிறோம், வாரத்துக்கு என்ன சமையல் என்பதை எங்களில் நாலு பேர் எழுதுகிறோம். புதன்கிழமை சொதி போட வைத்தது நான்தான். கமிட்டிக்கு வாய் இல்லாத இடம் என்றால் அது விடுதி, குடியிருப்பு இல்லை. அதை முதலில் விசாரியுங்கள்.

நடமாட்டம் இருக்கும்போதே போகணும் என்று நீங்கள் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. திடமாக வருகிறவர்களுக்கு ஆறு மாதத்தில் சிநேகிதம் அமைந்துவிடுகிறது. ஒரு பக்கம் விழுந்த பிறகு பிள்ளைகள் கொண்டுவந்து விட்டுப் போகிறவர்கள் அறையை விட்டு வெளியே வருவதே இல்லை.

இன்னொன்று. அவள் ஒன்றும் சொல்லவில்லை என்கிறீர்களே, நீங்கள் கேட்டீர்களா, இல்லை முடிவைச் சொன்னீர்களா?

மேலப்பாளையத்தான்:
சாப்பாட்டைப் பற்றி யாரும் பேசவில்லையே. சைவம் மட்டுமா? போனால் போகிற இடத்தில் சாளை மீன் குழம்பு உண்டா?

பாளை வாத்தியார்:
சைவம் மட்டும்தான். அறையில் முட்டை கூட அவிக்கக் கூடாதாம்.

மேலப்பாளையத்தான்:
அப்படியென்றால் யாரை வரவேண்டாம் என்கிறார்கள் என்று நம்ம ஊர்க்காரனுக்கு விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

கல்லிடைக்காரன்:
சைவம் சாப்பிடுகிறவன் சைவமான இடம் தேடினால் அது குற்றமா பாய்?

மேலப்பாளையத்தான்:
தாராளமாகத் தேடுங்கள். விளம்பரத்தில் ‘அனைவரும் ஒரே குடும்பம்’ என்று போடுகிறானே, அதைத்தான் சொல்கிறேன். வாத்தியார் சார் வீட்டில் மீன் வாங்குகிறவர்கள் என்றால், கடைசிக் காலத்தில் ஆசைப்பட்டதைச் சாப்பிட ஒவ்வொரு தடவையும் ஆட்டோ பிடிக்க வேண்டியிருக்கும். அதுவும் செலவுக் கணக்கில் சேரும்.

முன்னாள் கருவூலம்:
கணக்கு என்றதும் உள்ளே வருகிறேன். சார், 42,000ஐ உங்கள் ஓய்வூதியத்தோடு வைத்துப் பார்த்திருக்கிறீர்கள். அங்கேதான் கணக்கு உதைக்கிறது. உங்கள் காலத்துக்குப் பிறகு மதினிக்கு வருவது குடும்ப ஓய்வூதியம். உங்களுக்குக் கடைசிச் சம்பளத்தில் பாதி, அவர்களுக்கு அதே சம்பளத்தில் 30 சதவீதம். அதாவது இன்று உங்களுக்கு அடிப்படை ஓய்வூதியம் 38,000 என்றால் அவர்களுக்கு 22,800. அகவிலைப்படி இரண்டுக்கும் ஒரே விகிதம்தான். ஆனால் குடியிருப்பில் ஒரு ஆள் குறைந்தால் சாப்பாட்டுக் காசுதான் குறையும். அறை, துப்புரவு, நர்ஸ் எல்லாம் அப்படியே நிற்கும். 8 சதவீத ஏற்றம் என்றால் 42,000 என்பது ஒன்பது வருஷத்தில் ஏறக்குறைய 84,000. அப்போது மதினிக்கு 72 வயதுதான். கணக்கை அவர்கள் தனியாக இருக்கப்போகிற வருஷங்களுக்குப் போடுங்கள். ஒரு ஆளுக்கு எவ்வளவு என்று எழுத்தில் வாங்குங்கள். வங்கிக் கணக்கு இரண்டு பேர் பேரிலும் இருக்கட்டும், இப்போதிருந்தே பாதி வேலையை அவர்கள் கையால் செய்யட்டும். கணவர் போன பிறகு முதல் தடவையாகச் செக்கில் கையெழுத்துப் போட வந்த அம்மாக்களை அந்த மேஜையில் உட்கார்ந்து நிறையப் பார்த்திருக்கிறேன்.

நியூஜெர்சி நெல்லையன்:
அகவிலைப்படியும்தான் ஏறுமே சார்?

முன்னாள் கருவூலம்:
ஏறும் தம்பி. அடிப்படையில் சதவீதமாக ஏறும். குடியிருப்புக் கட்டணம் வட்டிக்கு வட்டி போல ஏறும். இரண்டையும் பத்து வருஷத்துக்கு எழுதிப் பாருங்கள்.

பத்திரம் எழுதுபவன்:
குறுக்கே ஒரு வார்த்தை. குடியிருப்புக்குப் போகிறோம் என்றதும் ‘பெருமாள்புரம் வீட்டை எழுதி வைத்துவிடுங்கள்’ என்று பேச்சு கிளம்பும். செட்டில்மெண்டுக்கு, அதாவது உயிரோடு இருக்கும்போதே வீட்டைப் பிள்ளைகள் பேருக்கு மாற்றிக் கொடுக்கிற பத்திரத்துக்கு, அவசரப்படாதீர்கள். உயில் எழுதுங்கள். இரண்டு சாட்சி போதும், மனசு மாறினால் மாற்றிக்கொள்ளலாம். செட்டில்மெண்ட்தான் என்றால் ‘எங்களைப் பராமரிக்க வேண்டும்’ என்ற வரி பத்திரத்தில் கட்டாயம் இருக்க வேண்டும். பெற்றோர் பராமரிப்புக்கான 2007ஆம் ஆண்டுச் சட்டத்தின் 23ஆவது பிரிவில் வருவாய்க் கோட்டாட்சியர் (ஆர்.டி.ஓ.) முன்னால் ரத்து கேட்டுப் போகும்போது அந்த வரிதான் உங்களுக்காகப் பேசும். டெபாசிட் விஷயமும் பாருங்கள். கம்பெனி நொடித்துப்போனால் 15 லட்சத்துக்கு ஈடு என்ன? ரசீது மட்டும் என்றால் யோசியுங்கள்.

ஐகிரவுண்டு சிஸ்டர்:
அரசு ஆஸ்பத்திரி வார்டில் முப்பது வருஷத்துக்கு மேல் இருந்து ஓய்வு பெற்றவள். நீங்கள் எல்லோரும் நடக்கிற ஆளைப் பற்றியே பேசுகிறீர்கள். ஒப்பந்தத்தில் ‘சுயமாக இயங்கக்கூடியவர்களுக்கு மட்டும்’ என்று ஒரு வரி இருக்கிறதா என்று தேடுங்கள் சார். இருந்தால், இடுப்பு எலும்பு முறிந்து படுத்தாலோ ஞாபக மறதி நோய் வந்தாலோ, அறையைக் காலி செய்யச் சொல்ல அவர்களுக்கு உரிமை உண்டு என்று அர்த்தம். உதவி தேவைப்படாத வரைக்கும் காசு வாங்கிக்கொண்டு, தேவைப்படுகிற அன்றைக்கு அனுப்பிவிடுவார்கள். நர்ஸ் பகலில் மட்டும் என்கிறீர்கள். வயதானவர்கள் விழுவது பெரும்பாலும் ராத்திரி பாத்ரூமுக்கு எழுந்திருக்கும்போது.

கல்லிடை சார் சொல்கிற வீட்டிலும் இதே கேள்விதான். சமையல்கார அம்மா ஆறு மணிக்குப் போய்விடுவாள். ராத்திரி இரண்டு மணிக்கு 108ஐ யார் கூப்பிடுவது, ஆஸ்பத்திரியில் யார் கையெழுத்துப் போடுவது? குடியிருப்பு மேனேஜர் உங்களுக்குச் சொந்தம் இல்லை, அவர் போட மாட்டார். உள்ளூரில் ஒரு மருமகனோ தங்கச்சி மகனோ இருந்தால் இப்போதே பேசி வையுங்கள். குணமாக வாய்ப்பே இல்லாத நிலையில் வென்டிலேட்டர் வேண்டுமா, வேண்டாமா என்பதையும் முன்கூட்டியே எழுதி வைக்கலாம். 2018இல் உச்ச நீதிமன்றம் அனுமதித்தது. 2023இல் நடைமுறையை எளிதாக்கிவிட்டார்கள், இரண்டு சாட்சியோடு நோட்டரி முன்னால் கையெழுத்துப் போட்டால் போதும். இதை எழுதாததால் வார்டு வாசலில் அண்ணன் தம்பி அடித்துக்கொள்வதைக் கண்ணால் பார்த்தவள் சொல்கிறேன்.

கல்லிடைக்காரன்:
சிஸ்டர் சொல்வது நியாயம். ராத்திரிக்கு என்னிடம் பதில் இல்லை. ஆனாலும் அந்த வரி ஒப்பந்தத்தில் இருந்தால் வாத்தியார் வீட்டிலேயே இருக்கட்டும். துரத்திவிடுகிற இடத்துக்கு 15 லட்சம் எதற்கு?

பாளை வாத்தியார்:
ஒப்பந்த நகலை எடுத்துப் பார்த்தேன். சிஸ்டர் சொன்ன வரி ஏழாவது பக்கத்தில் இருக்கிறது. மேனேஜரிடம் கேட்டால் ‘அதெல்லாம் பார்த்துக்கலாம் சார்’ என்கிறார், எழுத்தில் தர மாட்டேன் என்கிறார். கமிட்டியும் இல்லை, ‘ஆலோசனைப் பெட்டி’ இருக்கிறதாம்.

ஆச்சி சொன்ன மாதிரி வீட்டுக்காரியிடம் கேட்டேன். அவளுக்குப் போக ஆசைதான். அடுப்படியை விட்டால் போதும் என்கிறாள். ஆனால் சாளை இல்லாத இடத்துக்கு வர மாட்டாளாம், ஓய்வூதியப் புத்தகத்தையும் அவளிடம் கொடுத்துவிட வேண்டுமாம். கீழ் வீட்டுக்காரரிடம் தை மாதம் வரைக்கும் தவணை சொல்லியிருக்கிறேன். இப்போதைக்குக் கீழே குடி வருகிறோம். இந்த இடத்துக்கு டெபாசிட் கட்டப் போவதில்லை. வேறு இரண்டு இடம் இருக்கிறது, விருந்தாளி அறையில் ஒரு மாதம் தங்கிப் பார்க்கலாம் என்கிறார்கள்.

அம்பை ஆச்சி:
ஐப்பசி, கார்த்திகையில் தங்குங்கள். கூரையும் சாக்கடையும் அப்போதுதான் தெரியும். முதல் தடவை பார்க்கப் போகும்போது ஞாயிற்றுக்கிழமை வேண்டாம், அன்றைக்குப் பாயசம் போடுவார்கள். நாள் கிழமை சொல்லாமல் ராத்திரிச் சாப்பாட்டு நேரத்துக்குப் போய் உட்காருங்கள்.

கல்லிடைக்காரன்:
ஜெனரேட்டர் தரையில் இருக்கிறதா, மேடை கட்டி வைத்திருக்கிறார்களா என்பதையும் பார்த்துவிட்டு வாருங்கள் சார்.